மஞ்சள் பொட்டும் குங்குமப் பொட்டும்

எனக்கு எழுபத்திநாலு வயது. மூன்று பிள்ளைகளை வளர்த்தேன், யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்தேன். தொண்ணூறுகளில், புனே பக்கம் சிஞ்ச்வட்டில் நாங்கள் இருந்த ஒற்றை அறையில், மழை பிடித்துக்கொண்டால் சுவரெல்லாம் ஈர வாடை அடிக்கும். அந்தச் சுவரில்தான் கடைக்குட்டி மல்லிகா இங்கிலீஷ் சொற்களை எழுதிவைத்த தாள் ஒட்டியிருந்தது.

மராத்திப் பள்ளியில் படித்தவளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க ஆசைப்பட்டேன். பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்கள். கேட்டால் ஒன்றுபோல் இருந்து, எழுதும்போது வேறாகிப் போகும் சொற்கள்தான் அவளுக்குத் தகராறு. வாரத்துக்கும் ‘வீக்’, பலமில்லாததற்கும் ‘வீக்’. நான் அவற்றை ‘ரெட்டைப் பிள்ளைகள்’ என்பேன். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆகவே அவள் அர்த்தம் சொல்லச் சொல்ல, தாளில் ஒன்றுக்கு மஞ்சளும் மற்றதற்குக் குங்குமமுமாகப் பொட்டு வைத்து, எது எது என்று மனசில் ஏற்றிக்கொண்டேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்பேன். அவள் மாவில் விரலால் எழுதுவாள். நான் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

ஒரு மழையில் சுவர் கசிந்து பொட்டெல்லாம் கரைந்துபோயிற்று. அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கக் கௌரவம் விடவில்லை. ஞாபகத்தில் இருந்தபடி நானே மறுபடி வைத்தேன்.

“அம்மா, இது மாறிப்போச்சும்மா.”

“ரெண்டெழுத்து படிச்சதும் வாய் நீளுதாடி? பொட்டு வச்சவ நானு, எனக்குத் தெரியாதா?”

பூரிக்கட்டையால் கையில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு அவள் என் பொட்டின்படியே எழுதினாள், பரீட்சையிலும்.

இடம் கிடைக்கவில்லை. அந்தப் பள்ளி டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, சிவப்பு மையில் சுழித்த தாளைக் காட்டி, “கிஸ்னே சிகாயா?” என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கிறாள். மல்லிகா என் பக்கம் திரும்பவே இல்லை. யாருமில்லை, நானேதான் படித்தேன் என்று இந்தியில் சொன்னாள். நான் தலை நிமிர்ந்தபடியே நின்றேன்.

மறுவருஷம் எழுதச் சொன்னேன்; மாட்டேன் என்றுவிட்டாள். பத்தாவதோடு நின்று, பட்டறையில் போல்ட் பொட்டலம் கட்டப் போனாள். இன்றும் அதே வேலைதான்.

அந்த ஒற்றை அறை வீடுகளை இடித்துவிட்டார்கள். ரெட்டைப் பிள்ளைகளை யாரும் இப்போது பிரித்துப் படிப்பதில்லை; தப்பாக எழுதினால் போனே திருத்திக்கொடுக்கிறது. அவளுக்குப் போனதைத் திருத்தத்தான் ஒன்றும் வரவில்லை. அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பேத்தி திவ்யா, உனக்குத் தமிழ் தடுமாறும், தெரியும். நான் எழுதிவைத்த இதை எழுத்துக் கூட்டியாவது படித்துக் காட்டு. உன் அம்மா மல்லிகா உள்ளேதான் இருக்கிறாள்; கொஞ்சம் சத்தமாகப் படி.