எல்லாரும் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்ட அபார்ட்மென்ட்

ரெண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. இட்லிக்கு அரிசி ஊறப் போட்டுவிட்டு நிமிர்கிறேன்... வாசலில் ரெஜினா. எப்பவும் 'ஆன்ட்டீ' என்று கூப்பிட்டுக்கொண்டே நேராகக் கிச்சனுக்குள் வந்துவிடுகிற பெண், அன்றைக்கு உள்ளே வரவே இல்லை. கண் சிவந்திருந்தது.

"என்னடி ஆச்சு? ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்கள்ல?"

"இருக்காங்க ஆன்ட்டி. எங்க கைடு மேடம்தான்... நான் பொய்யா எழுதிட்டு வந்துட்டேன்னு சொல்றாங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ரெஜினா யார் என்று சொல்லிவிடுகிறேன். வையம்பட்டியில் வெள்ளாமை செய்கிற வீட்டுப் பெண். திருச்சியில் ஒரு கல்லூரியில் எம்.ஃபார்ம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டின் மொட்டை மாடி ரூமில் தோழியோடு வாடகைக்கு இருக்கிறாள். எம்.ஃபார்ம் என்றதும் எனக்குக் கண்ணாடிக் குழாயும் கலர் கலரான திரவமும்தான் ஞாபகம் வந்தது. அதுவும் உண்டாம். ஆனால் இவள் எடுத்த பிரிவில் குழாய்க்குப் பதில் மனுஷங்க! டாக்டர் எழுதித் தருகிற மாத்திரையை ஜனங்கள் சரியாகச் சாப்பிடுகிறார்களா, இல்லையென்றால் ஏன் — இதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டுமே? எங்கள் அபார்ட்மென்ட்டில் பி.பி. இல்லாத வீடு எது? கல்லூரியில் முறைப்படி அனுமதி வாங்கி, எங்கள் சம்மதத்தையும் கேட்டுக்கொண்டு, மாசா மாசம் வீடு வீடாக வந்தாள். பி.பி. பார்ப்பாள். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்ப்பாள். நடுவில் விட்டுப்போச்சா என்று கேட்பாள்.

அவள் வருகிற நாள் எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம். ஒரு வீட்டில் சுண்டல், ஒரு வீட்டில் கேக். பேச்சுக்கு ஆள் கிடைத்தால் சும்மா விடுகிற வயசா எங்களுக்கு? ஆனால் பதில் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றேதான். "ஒரு நாள்கூட விடறதில்லைம்மா."

அட்டையும் காலி. பி.பி.தான் இறங்கவே இல்லை!

கைடு மேடத்துக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? "ஒரு அபார்ட்மென்ட் முழுக்க உத்தமர்களா? மாத்திரை உள்ள போயிருந்தா பி.பி. ஏன் குறையலை? நீ கேள்வியே கேக்காம உக்காந்து டிக் அடிச்சிருக்க" என்று சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமைக்குள் சரியான காரணம் சொல்லாவிட்டால் ஆராய்ச்சி செல்லாது. இந்த வருஷம் பரீட்சைக்கு உட்காரவும் முடியாது.

"வருஷம் போனாக்கூடப் பரவாயில்லை ஆன்ட்டி. பொய்க்காரின்னு பேர் வந்துடுச்சே. எங்கப்பாகிட்ட என்னன்னு சொல்வேன்?"

ஆறுதல் சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரரைப் பார்க்கிறேன். மனுஷர் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். காலையிலேயே வரி விடாமல் படித்து முடித்த பேப்பருக்குள் மறுபடி தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா?

ரெஜினா மாடிக்குப் போனதும் பிடித்தேன்.

"ஏங்க, நிஜத்தைச் சொல்லுங்க."

"அது வந்து... அந்தப் புள்ள வர்றதுக்கு முதல் நாள், மிச்சம் இருக்கிற மாத்திரையைப் பிரிச்சு..."

"பிரிச்சு?"

"வாஷ்பேசின்ல போட்டுடுவேன்."

"ஏன்?"

"நாம ஒழுங்கா சாப்பிடலைன்னா அவளுக்கு மார்க் குறைஞ்சுடாதா விஜயா? பாவம், கஷ்டப்பட்டுப் படிக்கிற பொண்ணு. நம்மாலயா ஃபெயில் ஆகணும்?"

கேட்டீங்களா கதையை! இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் ஸ்கூலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற புத்தி. சரி, இவர் ஒருத்தர்தானா என்றால்... சாயங்காலம் கீழே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவாம். எனக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்கு பி.பி. கிடையாது, போதாக்குறைக்கு நான் உளறிவிடுவேனாம்!

எனக்கு வந்ததே கோபம். கத்தித் தீர்த்தேன். தீர்த்த பிறகுதான் பயம் வந்தது. இந்த மனுஷர் இத்தனை நாளாக மாத்திரை போடாமல் என் எதிரில் உட்கார்ந்து சிரித்துப் பேசியிருக்கிறாரே... ஏதாவது ஒன்று ஆகியிருந்தால்? அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு வேன் பிடித்தோம். ரெஜினாவிடம் மூச்சு விடவில்லை. எந்நேரமும் தொணதொணவென்று பேசுகிற கூட்டம், காவிரிப் பாலம் தாண்டுகிறவரைக்கும் வாயே திறக்கவில்லை. எல்லார் முகத்திலும் பரீட்சைக்குப் போகிற களை.

கைடு மேடத்தின் ரூமில் ரெஜினா தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் திகைத்துப்போனாள். மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"நீங்கல்லாம் யாரு?"

"நாங்கதாம்மா அந்த உத்தமர்கள்," என்றேன்.

முதலில் ஆரம்பித்தது பக்கத்து ஃபிளாட் கோமளா மாமி. "அந்தக் கொழந்தை மேல ஒரு தப்பும் இல்லை. பொய் சொன்னது நாங்க. நேக்குக் குடுத்திருக்கறது நீர் பிரியற மாத்திரை. அதைப் போட்டுண்டு கோவில் க்யூல எப்படி நிக்கறது, சொல்லுங்கோ. பெருமாளைச் சேவிக்கறச்சே மனசு அவர் திருவடியில இருக்கணுமா, பாத்ரூம் எங்கன்னு தேடிண்டு இருக்கணுமா? அதான், கோவிலுக்குப் போற நாள்ல போட்டுக்கறதில்லை."

"எந்தெந்த நாள் கோவிலுக்குப் போவீங்க?"

"தெனமும்தான்!"

மேடம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

அடுத்தது என் வீட்டுக்காரர். எழுந்து கையைக் கட்டிக்கொண்டார். "போட்டா தலை சுத்துது மேடம். வீட்ல சொன்னா இவ ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி வச்சுக்குவா."

அன்றைக்கே பிடுங்கி வைத்தேன். அது வேற விஷயம்.

கடைசியில் மூணாவது மாடி அந்தோணி சார். அதிகம் பேசாத மனுஷர். மனைவி தவறி இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"பிலோதான் தண்ணியும் மாத்திரையும் கொண்டாந்து கையில கொடுப்பா. முழுங்கினாத்தான் அந்த இடத்தை விட்டு நகருவா. இப்ப டப்பாவைத் திறக்கவே கை வரமாட்டேங்குது மேடம். இந்தப் பொண்ணு வந்து 'மாத்திரை போட்டீங்களா அங்கிள்'னு கேக்கும். அன்னைக்கு மட்டும் போட்டுக்குவேன். அது மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு தினமும் போடறேன்னு சொல்லிட்டேன்."

ரெஜினா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ரெஜினா, எழுதிக்கிறியா?" என்றார் மேடம். அவளால் முடியவில்லை. மேடமே பேனாவை எடுத்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு, எங்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பும்மா. மன்னிச்சுக்கோ."

என் மனசு குளிர்ந்துபோச்சு. அந்த இடத்திலேயே அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்த நிமிஷமே பழைய கறார் வந்துவிட்டது. "பழைய பதில் ஒண்ணும் செல்லாது. ஏன் செல்லாதுங்கறதையும் தீசிஸ்ல எழுதணும். மறுபடி முதல்லேர்ந்து கேளு. பரீட்சைக்குள்ள முடிக்க நான் ஏற்பாடு பண்றேன். இனிமே 'விட்டீங்களா'ன்னு கேக்காத, குத்தம் சொல்ற மாதிரி இருக்கும். 'எப்பல்லாம் விட வேண்டியதா ஆகுது'ன்னு கேளு." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க ஒழுங்கா சாப்பிடறதுக்கு இவளுக்கு மார்க் கிடையாது. உண்மையைச் சொன்னாத்தான் மார்க். போயி முதல்ல அவங்கவங்க டாக்டரைப் பாருங்க."

பார்த்தோம். இவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். மாமிக்குக் கோவிலிலிருந்து வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பெருமாளும் தப்பித்தார்!

ஒன்று யோசித்துப் பார்த்தீர்களா? பிடிக்காதவர்கள் கேட்டால் இடுப்பு வலி, மூட்டு வலி என்று அத்தனையும் கொட்டித் தீர்க்கிறோம். பிடித்தவர்கள் கேட்டால்தான் 'நல்லா இருக்கேன்' என்கிறோம். வெளியூரில் இருக்கிற பிள்ளை போனில் கேட்கிறபோது என்றைக்காவது உள்ளதைச் சொல்லியிருக்கிறோமா?

போன ஞாயிற்றுக்கிழமை ரெஜினா புதுக் கேள்விகளோடு வந்தாள். முதலில் அந்தோணி சார் வீடு. ஏழு நாளும் போட்டிருக்கிறார். நம்பலாமா என்று என்னைக் கேட்டாள். தாராளமாக நம்பலாம், தினமும் காலையில் என் வீட்டுக்காரர்தான் மாடியேறிப் போய், அவர் முழுங்குகிற வரைக்கும் நின்றுவிட்டு வருகிறார்.

அடுத்து எங்கள் வீடு.

"இந்த வாரத்துல எப்ப விட வேண்டியதா ஆச்சு அங்கிள்?"

இவர் என்னைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். "புதனும் வியாழனும் விட்டுட்டேன்மா."

ரெஜினா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் வந்த பூரிப்பு!

"ஏன் அங்கிள்? புது மாத்திரைக்கும் தலை சுத்துதா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லை."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலைம்மா. அந்தோணிக்குப் போய்க் கொடுத்துட்டுத்தான் வந்தேன். ஆனா எனக்கு எடுத்துப் போட்டுக்கத் தோணலை." மறுபடி ஃபேனைப் பார்த்தார். "இவ துவாக்குடியில பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தா."

ரெஜினா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

இந்த வாரமும் வரச்சொல்லி மகள் கூப்பிட்டாள். நான் போகவில்லை.