மலேரியாக்காரரின் கூட்டாளி

ஆட்டையாம்பட்டியில் வீடு வீடாகக் கொசு மருந்து அடிக்க வருபவரை நாங்கள் மலேரியாக்காரர் என்போம். தோளில் பம்பு, காக்கிச் சட்டையெங்கும் மருந்துத் திட்டு, புருவம்கூட வெள்ளை. அடிப்பதற்கு முன் சுவரிலிருக்கும் ஒவ்வொரு சாமி படத்தையும் விரலால் தட்டுவார். பின்னாலிருந்து பல்லி ஓடி வெளியேறிய பிறகுதான் பம்பைத் தொடுவார்.

பாத்திரங்களை வாசலுக்குச் சுமந்துகொண்டிருந்த அம்மாவுக்கு ஒருநாள் எரிச்சல் வந்துவிட்டது. "ஏனுங்க, மொதல்ல அந்தப் பல்லி மேல அடிங்க. நேத்துக் கொழம்புல உழுந்து, சட்டியோட கொட்டுனனுங்க."

"நான் எப்பவோ ஒருக்கா வாரனுங்க அம்மிணி. அது தெனமும் பூச்சி புடிக்குது. கூட வேல செய்யறவன எப்படிங்க கொல்றது?"

அன்றிலிருந்து குழம்புச் சட்டிக்கு மூடி வந்தது.

அடுத்த முறை அவர் எல்லாப் படங்களையும் தட்டியும் ஒரு பல்லிகூட ஓடவில்லை. பம்பைத் தொடாமல், முகம் வாடி, அம்மாவைப் பார்த்தார்.

"நீங்க வாரீங்கன்னு காலையிலேயே நாந்தான் தொரத்தி உட்டனுங்க," என்றார் அம்மா. "தோட்டத்துல டூட்டி பாக்குது."

வெள்ளைப் புருவம் உயர அவர் சிரித்தார். இப்போதும் என் வீட்டுச் சுவரில் பல்லி கத்தினால், வேலைக்கு வந்துவிட்டதாகச் சொல்வதுபோலவே கேட்கிறது.