வேலிகாத்தானில் விழுந்த புடவை

என் கல்யாணத்தன்று காலையில் கல்யாணப் புடவை வேலிகாத்தான் புதரில் கிடந்தது. பொம்மனஹள்ளியில் நான் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் காற்றாடப் போட்டிருந்தேன். அடித்த காற்றில் பக்கத்துக் காலி மனைக்குப் பறந்துபோய் முள்ளின்மேல் சொகுசாகப் படுத்துவிட்டது.

மத்தியானம் ரிஜிஸ்டர் கல்யாணம். திருவண்ணாமலையிலிருந்து அம்மா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். நான் கட்டிக்கொள்ளப்போகிறவன் கன்னடக்காரன் என்பதால் அரை மனசோடுதான் சம்மதித்திருந்தாள். அவனை இன்னும் "அந்தப் பையன்" என்றுதான் சொல்வாள். புடவை கிழிந்திருந்தால் சகுனம் சரியில்லை என்று என்னையும் அடுத்த பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பாக வந்தது. சந்தோஷம் தலைக்கேறியிருந்தது, என்ன செய்ய!

போன் செய்ததும் அவன் ஓடி வந்தான். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு புதருக்குள் இறங்கினான்.

"இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

"வேலிகாத்தான்."

"யாரு, ஊர்ச் சாமியா?"

"செடிடா! ஆடு மாடு நுழையாம கொல்லையச் சுத்தி நட்டு வப்பாங்க. வேலியக் காக்குறதால அந்தப் பேரு."

"ஜாலின்னா எங்க பாஷைல முள்ளுமரம். நாங்க பெல்லாரி ஜாலின்னு ஊர் பேர ஒட்டிட்டு விட்டுட்டோம். நீங்க ஆளாவே ஆக்கிட்டீங்களே!" என்றவன் புதரைப் பார்த்துக் கும்பிட்டான். "காத்தான் சார், கொஞ்சம் விடுங்க சார். மூணு மணிக்குக் கல்யாணம்."

மதில்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சின்ன வயதில் காலில் முள் ஏறும்போதெல்லாம் அந்தச் செடியைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அதற்கு எவ்வளவு பொறுப்பான பேர் என்று அன்றுதான் உறைத்தது.

திரும்பினால் அம்மா. பையோடு எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியாது. என் சிரிப்பு அப்படியே நின்றது.

அவன் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். முந்தானையில் விரல் நீளத்துக்குக் கிழிசல். அவன் கையெல்லாம் ரத்தக் கீறல்.

அம்மா கிழிசலைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கை எடுத்தாள்.

"கையக் காட்டுங்க மாப்ள. இந்த முள்ளு உள்ள நின்னா சீழ் வச்சிடும்."

மாப்ள! மதிலிலிருந்து குதிக்கலாம் போலிருந்தது. குதித்தேன்.

எனக்குப் புடவை கட்டிவிட்டது அம்மாதான். அந்தக் கிழிசலை முந்தானை மடிப்புக்குள் வைத்து, அதே ஊக்கால் தோளில் குத்திவிட்டாள்.