பெண் வீட்டார் கம்பெனி பார்க்க வந்தார்கள்

என் தொழிலை எங்கள் ஊரில் விளக்குவது சிரமம். புதிதாகத் தொடங்கும் இணைய கம்பெனிகளில் சம்பளச் சேமிப்பைப் போட்டுப் பங்கு வாங்குகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருக்கும் அப்பா எதிர்த்துப் பேசமாட்டார். யாராவது கேட்டால் மட்டும், "கம்ப்யூட்டர்ல என்னமோ வட்டிக்கு உடறானுங்க" என்பார்.

ஆகவே, பெருமாநல்லூரிலிருந்து எனக்குப் பெண் கொடுப்பதாக வந்தவர், "கம்பெனிய ஒருக்கா பாத்துட்டுப் போயரமுங்க" என்றதும் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. திருப்பூரில் மாப்பிள்ளை பார்ப்பது என்றால் அவர் கம்பெனியில் எத்தனை தையல் மிஷின் என்று எண்ணுவது. ஏற்கெனவே வந்த சம்பந்தங்கள் எல்லாம் அங்கேதான் முறிந்தன. இந்தப் பெண்ணின் புகைப்படத்தையோ நான் போனில் அடிக்கடி பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

நான் பங்கு போட்டிருந்த கம்பெனி, வீரபாண்டியில் ஒரு பேக்கரி மாடியில் ஓர் அறை. சும்மா கிடக்கும் தையல் மிஷின்களையும், ஆர்டரை வைத்துக்கொண்டு மிஷின் தேடி அலைபவர்களையும் சேர்த்துவைத்துக் கமிஷன் வாங்கும் ஆப். அதைத் தொடங்கிய பையன் (உறவில்லை, தம்பி என்று கூப்பிடுவேன்), ஒரு லேப்டாப், ஒரு மின்விசிறி. அவ்வளவுதான் சொத்து.

அன்று காலை போனால், அறை நடுவே இரண்டு ஓவர்லாக் தையல் மிஷின்கள். பக்கத்துத் தையல் யூனிட்டில் அப்பா இரவல் வாங்கி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"அப்பா, இது இன்டர்நெட் கம்பெனி!"

"இருக்கட்டும் கண்ணு. வர்றவங்க கண்ணுக்கு ஏதாச்சும் தெரியோணுமல்லோ."

பெண்ணின் அப்பா வந்தார். மிஷினைத் தட்டிப் பார்த்தார்.

"நூலே கோக்கலீங்களே?"

"டிஜிட்டலுங்க" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து யூனிட்காரர் இரண்டு ஆட்களுடன் படியேறி வந்தார். "கோவிச்சுக்காதீங்க. உங்க பையன் ஆப்புலயே ஆர்டர் உளுந்துருச்சு. மிஷினு ஒடனே வேணுமுங்க."

பொட்டும் சந்தனமுமாக மிஷின்கள் படியிறங்கிப் போயின. பெண்ணின் அப்பா முகம் வெளுத்து, "ஜப்திங்களா?" என்றார்.

உள்ளதைச் சொல்லிவிட்டேன். மிஷின் இரவல், ஆப் நிஜம், ஆர்டரும் நிஜம். தம்பி பாய்ந்து வந்து லேப்டாப்பைத் திறந்து, வாடிக்கையாளர் கிடைத்த சந்தோஷத்தில் ஆதியோடந்தமாக விளக்கினான். அவர் வீட்டிலும் மிஷின்கள் தூசி படிந்து கிடந்தனவாம்.

"எனக்கும் இதப் போட்டு உடுங்க" என்று போனை நீட்டினார். "இதைச் செஞ்சது யாருங்க?"

"நானுங்க" என்றான் தம்பி.

"அப்ப இவரு?"

"அண்ணன் பணம் போட்டவருங்க."

"வேற ஒண்ணும் பண்ண மாட்டாருங்களா?"

"அப்பப்ப போன் பண்ணி, எப்படிப் போகுதுன்னு கேப்பாருங்க."

என் தொழிலை அதற்கு முன்பு யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவனிடம், "ஏனுங்க தம்பி, உங்களுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா? ஆகலீன்னா ஜாதகத்தக் குடுத்து உடுங்க" என்றார்.

யோசனையைப் பார்க்காதே, அதை நடத்தும் ஆளைப் பார் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். அவர் பார்த்துவிட்டார். பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். நான் பந்தியில் பாயசம் ஊற்றினேன்.

மறு வாரம் தம்பி தயங்கித் தயங்கி வந்தான். "அண்ணா, மாமனாரு மிஷினுக்கு ஆர்டர் வந்துருக்குது. அவருகிட்டயும் நம்ம கமிஷன் வாங்கோணுமுங்களா?"

பங்குதாரன் என்ற முறையில் நிதானமாக யோசித்தேன்.

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான் தம்பி. ஜிஎஸ்டியும் சேத்திப் போடு."