சாமையில் உலர வைத்த படங்கள்

பயணம் போனால் அன்றன்று எடுத்த படங்களை அன்றன்றே கையடக்க ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடுவது என் வழக்கம். கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவி, போனோடு இணைத்து, டிஸ்கில் தேதியிட்டு ஒரு ஃபோல்டர் திறந்து, ஏறிய படங்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகுதான் சாப்பாடு. என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் சாயங்காலப் பூஜை.

இத்தனை வருடம் கள்ளக்குறிச்சியில் குடியிருந்தும் கல்வராயன் மலையில் நாங்கள் ஓர் இரவு தங்கியதில்லை. போன மழைக்காலம் முடிந்ததும் பஸ் ஏறிக் கரியாலூர் போனோம்.

என் மனைவி கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவள். எங்கள் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் அவளுடைய காதுதான் இருக்கிறது. அன்றைக்கு மலையருவியில் குளிக்கப் போய், தண்ணீர் தலையில் விழுந்ததும் என்ன ஆயிற்றோ, வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே என் பக்கம் திரும்பி, "எடுத்துக்குங்க, அப்புறம் கேட்டா கெடைக்காது" என்றாள். எடுத்துத் தள்ளினேன். சாரலில் கேமரா நனைவது கண்ணிலேயே படவில்லை.

தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தால் கார்டு வரைக்கும் ஈரம். அரிசியில் புதைத்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு பிடி கேட்டேன்.

"அரிசி தீந்துபோச்சு சார். சாமை இருக்குது. சாமை இழுக்காதா இன்னா?" என்று ஒரு டப்பாவை நீட்டினார்.

கார்டைப் புதைத்து மூடினேன். ஒரு பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பவன் நான். டப்பாவைச் சமையலறை அலமாரியில், மூடியிலிருந்த ரோஜாப் படம் நேராகத் தெரியும்படி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் டப்பா காலி. அடுப்பில் சாமைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"நீங்கதான சார் வேல முடிஞ்சிதுன்னு திரும்ப வெச்சீங்க" என்றார் வீட்டுக்கார அம்மா.

மனைவி பானையை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நான் வெந்துக்கினு இருக்கேன் போல."

"வேவாதுக்கா. தண்ணில அரிச்சிதான் போட்டேன். சாமை மேல வந்துடும், கல்லு அடியில நின்னுடும். நின்னதக் கொண்டும்போய் வாழைக்கு ஊத்திட்டேன்."

ஈரம் போகட்டும் என்று நான் புதைத்து வைத்த கார்டு, இப்போது கொல்லைச் சேற்றில் கிடந்தது. மூன்று பேரும் ஓடினோம். நல்லவேளை, இன்னும் வெளிச்சம் இருந்தது. மேற்கிலிருந்து வரிசையாகத் தேடிக்கொண்டு வரலாம் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டு பெண்களும் குந்தியபடி சேற்றைத் துழாவிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மேற்கு ஓரத்திலிருந்து தொடங்கினேன். இன்னொரு தடவை இவள் கேமரா பக்கம் அப்படித் திரும்புவாளா? அதற்குள் கோழி ஒன்று வந்து கொத்த ஆரம்பித்தது.

"அது முழுங்கிட்டா முட்டையில என் படம் வருமா அக்கா?" என்றாள் என் மனைவி, வீட்டுக்கார அம்மாவைப் பார்த்து.

"வந்தாலும் நீ அதுல மூஞ்சத் திருப்பிக்கினுதான் இருப்ப" என்றேன். அதற்குமேல் எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கார்டைக் கண்டெடுத்தவள் அவள்தான். நல்ல தண்ணீரில் அலசி, துண்டில் ஒற்றி, மின்விசிறிக்கு நேரே வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படம் ஏற்றாமலே சாப்பிட உட்கார்ந்தேன். சாமைச் சோற்றை ஒவ்வொரு வாயும் பார்த்துப் பார்த்து மென்றோம், எதற்கென்று தெரியாமல்.

பிறகு கார்டைச் செருகினேன். படங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. டிஸ்கில் ஏறி முடிந்ததும் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாங்க இது, பல்லெல்லாம் தெரியுது."

அழிக்கச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அடுத்த படத்துக்குப் போனாள், திரும்பவும் முதல் படத்துக்கே வந்தாள்.

"டிஸ்குல ஏறிட்டுதா?"

"ஏறிட்டுது."

"பையில அந்தப் பென் டிரைவ் இருக்குதுல்ல? அதுலயும் ஏத்துங்க" என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏத்திட்டு எங்க வெக்கிறீங்கன்னு என்கிட்ட சொல்லிட்டு வைங்க."