வண்டிக்கு அடியில் இருந்த நிழல்

ஒரகடத்தில் நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். காலை ஷிஃப்ட்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டால், அவர்கள் வேலை முடிந்து வரும்வரை வண்டியை நிறுத்திவைக்கும் மைதானத்தில் பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. இருந்த ஒரு வேப்பமரத்தையும் லாரி திரும்ப இடைஞ்சல் என்று வெட்டிப்போட்டார்கள். வெட்டச் சொன்னவன் கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் அங்கே வந்து நிற்கட்டும். எங்கள் வண்டிகளின் நிழலை விட்டால் வேறு நிழல் இல்லை.

அந்த நிழலைத் தேடித்தான் ஒரு செவலை நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. பெயரெல்லாம் வைக்கவில்லை. கழுதை என்றுதான் கூப்பிடுவேன், அதற்கும் வாலை ஆட்டும். தார் ரோடு சூடேறுவதற்குள் உள்ளே கூட்டிவந்துவிடுவேன், இல்லாவிட்டால் பாதம் வெந்துவிடும். பெயின்ட் டப்பாவில் தண்ணீர், வண்டிக்கு அடியில் நனைத்த கோணிச் சாக்கு.

"வூட்ல பொண்டாட்டிக்கு ஒரு நல்ல ஃபேன் வாங்கிக் குடுத்தியா நீ? நாய்க்கு ஏசி போட்டுக்கினு கீற" என்று மற்ற டிரைவர்கள் என்னை ஓட்டுவார்கள்.

குட்டியாக இருந்தபோது அதற்கு ஹாரன் என்றால் அப்படி ஒரு பயம். எந்த வண்டி அடித்தாலும் பதறி எழுந்து ரோட்டுப் பக்கம் ஓடும். கன்டெய்னர் லாரிகள் பறக்கிற ரோடு. எனக்கு உயிரே போய்விடும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஹாரனுக்கும் அதன் முதுகில் கை வைத்து, "உன்ன இல்லடி, படு" என்பேன். நாளாக ஆகப் பழகிவிட்டது. தலைக்கு மேல் இன்ஜின் ஓடினாலும், காதருகே ஹாரன் அலறினாலும் கண்ணைத் திறக்காது. வண்டியை எடுக்கும் முன் நான் பஸ் பாடியை உள்ளங்கையால் தட்டுவேன். அதற்கு மட்டும் எழுந்து, சோம்பல் முறித்துக்கொண்டு, மகாராணி மாதிரி வெளியே வரும்.

போன சித்திரையில் எனக்கு அம்மை போட்டது. மண்ணூரில் வீட்டோடு கிடந்தேன். என் வண்டிக்கு ஓர் ஆக்டிங் டிரைவரைப் போட்டார்கள். தென்காசிப் பக்கத்து ஆள். அவனிடம் போனில் சொன்னேன்.

"வண்டிக்கு அடியில நாய் ஒண்ணு படுத்துக்கினு இருக்கும்பா. தண்ணி வை, சாக்க நனைச்சுப் போடு. எடுக்கும்போது எழுப்பிட்டு எடு."

"சரிண்ணே" என்றான்.

இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றான். அம்மை போட்ட வீடு என்று என் மனைவி உள்ளே விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"சாக்க நல்லா நனைச்சுத்தாம்ணே போட்டேன். சொகமா படுத்திருந்துச்சு. எடுக்கும்போது மூணு வாட்டி ஹாரன் அடிச்சேன். எந்திரிச்சுப் போயிருக்கும்னு நெனச்சேன். பின் வீல்ல..."

மைதானத்து ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவனை என்ன சொல்ல முடியும்? யாராக இருந்தாலும் ஹாரன்தான் அடித்திருப்பார்கள். "உம்மேல தப்பில்லப்பா, நீ போ" என்றேன். அவன் போனபிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

மூன்று ஹாரனையும் அது கேட்டிருக்கும். தன்னை இல்லை என்று படுத்திருக்கும்.