மருதமலைக்குப் போன கூட்டத்தில் நான்

சிலோனிலிருந்து கப்பலில் வந்து மண்டபம் முகாமில் கிடந்தபோது என் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. எதைக் கொடுத்தும் நிற்கவில்லை. பிள்ளையின் கண் குழிக்குள் போய்விட்டது. பிழைத்தால் நடந்தே பழனிக்குத் தூக்கிவந்து மொட்டை போடுகிறோம் என்று என் மாமியார் முருகனிடம் வேண்டிக்கொண்டார். நடக்கப்போவது யாருடைய கால் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிள்ளை பிழைத்தாள். எங்களைக் குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு அனுப்பி, லயம் என்கிற வரிசைவீட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். தைப்பூசம் வந்தது. லயத்து ஆட்கள் சிலரோடு நாங்களும் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு மலையிறங்கினோம். மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், பொள்ளாச்சி ரோடு என்று காலங்காலமாக ஜனங்கள் பழனிக்கு நடக்கிற வழி. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் மனுஷன் வாசலில் நின்று கையாட்டினார்.

மாமியார் ஆயுசெல்லாம் கொழுந்து பறித்தவர். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுப் பழகிய உடம்பு. பிள்ளையையும் அப்படித்தான் தூக்குவார். துணியில் உட்காரவைத்து, துணி முடிச்சை உச்சந்தலையில் மாட்டிக்கொள்வார். பிள்ளை முதுகில் ஆடிக்கொண்டே வரும். கோயம்புத்தூருக்குள் நுழைந்ததும் கடைக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

“மாமி, எல்லாரும் பாக்குறாங்க. இடுப்புல வச்சுக்கங்களேன்.”

“பாக்கட்டும். பாக்குறவன் வந்து தூக்குவானா?”

அவ்வளவு பெரிய ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. பஸ், லாரி, மாட்டுவண்டி எல்லாம் ஒரே நேரத்தில் என் மேலேயே வருவது மாதிரி இருந்தது. காலில் கொப்புளம் வேறு உடைந்துவிட்டது. தெருக்குழாயைக் கண்டதும் நின்றேன்.

“கழுவிட்டு வா. நான் மெல்லப் போய்க்கிட்டிருக்கேன்” என்றார் மாமியார்.

காலைக் கழுவி நிமிர்ந்தேன். மேளம் கொட்டிக்கொண்டு காவடிக் கூட்டம் ஒன்று தெருவை அடைத்துப் போனது. எல்லாம் பச்சைச் சேலை, பச்சை வேட்டி. “அரோகரா” என்று அவர்கள் சொல்ல, நானும் “அரோகரா” என்று நொண்டிக்கொண்டே ஓடிச் சேர்ந்துகொண்டேன். சிலோனில் முருகன் பேரைச் சொல்லி ஒரு கூட்டம் நடந்தால் அது கதிர்காமத்துக்குத்தான். பின்னாலேயே போனால் போதும், வழி கேட்க வேண்டாம். இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிவிட்டேன்.

நடக்க நடக்க ஒரு தெரிந்த முகமும் தட்டுப்படவில்லை. கடைகள் குறைந்தன. தூரத்தில் மலை தெரிந்தது. ஆகா, பழனி இவ்வளவு கிட்டவா என்று சந்தோஷப்பட்டு, பக்கத்தில் வந்த அம்மாளிடம் கேட்டேன்.

“பழனி மலைதானே அது?”

அவள் நின்றேவிட்டாள். “பழனியா? ஏனுங்க, இது மருதமலைங்க. நாங்க மருதமலைக்குப் போறோம். பழனிக்கு உக்கடம் தாண்டித் தெக்கால போவோணும். நீங்க மேக்கால வந்துட்டீங்க.”

ஒரே ஊர்ப் பக்கத்தில் முருகனுக்கு ரெண்டு மலை எதற்கு என்று அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. பிள்ளை பால் குடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. எனக்கு மார் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்துவிட்டது. அங்கே அவள் அழுவது இங்கே என் உடம்புக்குத் தெரிந்தது. வயிற்றுப்போக்கில் செத்துப் பிழைத்த பிள்ளை. பசி தாங்காமல் மாமியார் எந்தத் தண்ணீரையாவது கொடுத்துவிட்டால்?

திரும்பி ஓடினேன். பஸ்ஸில் ஏறலாம் என்றால், பலகையில் இருப்பதை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். ஒரு டீக்கடையில் நின்றேன்.

“ஐயா, பச்சைச் சேலை கட்டின வயசானவங்க, கையில பிள்ளையோட...”

“அம்மிணி, இன்னைக்கு ஊரே பச்சையாத்தானுங்க இருக்குது.”

பிள்ளையைக் காணாத பயத்தில் மானத்தை யார் நினைக்கிறார்கள்? என் முந்தானையை எடுத்துத் தலையில் மாட்டி, முதுகை வளைத்து, கொழுந்துக்காரி நடக்கிற நடை நடந்து காட்டினேன். “இப்படிங்க! பிள்ளை முதுகுல தொங்கும்!”

கடையே சிரித்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுந்தார். “அட, அந்தப் பாட்டியா! கோனியம்மன் கோயில் முன்னால உக்காந்திருக்குதுங்க. கூட வந்தவீங்க கூப்புடறாங்க, எந்திரிக்க மாட்டேங்குது.”

அதற்குப் பிறகு கடைக்குக் கடை நடந்து காட்டித்தான் வழி கேட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் கையை நீட்டினார்கள்.

கோயில் முன்னால் மாமியார் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்கள் சற்றுத் தள்ளி மூட்டையோடு நின்றார்கள். மாமியாரின் முதுகில் பிள்ளை இல்லை. மடியிலும் இல்லை.

“வந்துட்டா மகாராணி. ஊரைச் சுத்திப் பாத்தாச்சா?”

“மாமி, பிள்ளை எங்க?”

அவர் முகவாயால் பக்கத்தைக் காட்டினார். பூக்கூடைக்குப் பின்னால் ஒரு பெண் பூக்கட்டும் நாரைக் கீழே போட்டுவிட்டு, முந்தானைக்குள் என் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிள்ளை அவள் காலடியில் சாமந்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

“கத்துச்சுங்க அக்கா. பாட்டி அதுக்கு மேல கத்துச்சு. அதான் வாங்கிக்கிட்டேன்” என்றாள் பூக்காரி.

அடுத்த வீட்டுச் சோற்றைக்கூடத் தொடாத மாமியார் அன்று தலை நிமிரவில்லை. “பச்சைத் தண்ணி குடுக்கப் பயமா இருந்துச்சு புள்ள” என்றார். என் வாயில் தயாராக இருந்த ஏச்சை விழுங்கிவிட்டேன்.

பிள்ளையை வாங்கி மாரோடு வைத்தேன். வயிறு நிறைந்த கள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலி உயிர் போனது. கோயில் சுவரோரம் திரும்பி உட்கார்ந்து பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டேன்.

கிளம்பும்போது மாமியார் தன் முந்தானையையும் என் முந்தானையையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.

“என்ன மாமி இது, கல்யாணம் மாதிரி?”

“உன்னைக் கட்டினவன் லயத்துல தூங்குறான். இன்னொரு மலையைப் பாத்து நீ ஓடினா எவன் தேடுறது? நட.”

பழனி வரைக்கும் அப்படியேதான் நடந்தோம். நான் நின்றால் அவர் இழுப்பார், அவர் நின்றால் நான் இழுப்பேன்.